மருது நிற்கும் கரை

வைகாசி மாதக் காலையில் கடத்தூர்க் கோயிலுக்கு அருகே அமராவதிக் கரையில் நின்றால், தேன் கலந்த ஒரு மெல்லிய மணம் வரும். பூ எங்கே என்று தேடினால் சட்டென அகப்படாது. அண்ணாந்து பார்க்க வேண்டும். தாழத் தொங்கும் கிளைகளின் நுனியில், இலைகளுக்கு நடுவே, வெளிர்மஞ்சள் கதிர்கள் விரல் நீளத்துக்குத் தெரியும். இதழே இல்லாத பூக்கள். மகரந்தக் கம்பிகள் மட்டும் குஞ்சமாக நிற்கும். மரம் முழுக்கத் தேனீக்களின் இரைச்சல். கீழே ஓடும் தண்ணீரில் மஞ்சள் தூள் படலமாக மிதந்து போகும். அடிமரத்தைத் தொட்டால் வழவழப்பு. சாம்பலும் வெள்ளையுமான பட்டை தகடு தகடாக உரிந்து, உள்ளே இளஞ்சிவப்புத் தோல் தெரியும்.

இது நீர்மருது. கடத்தூர் இறைவன் பெயரே அர்ச்சுனேஸ்வரர். அர்ச்சுனம் என்பது மருதுக்கு வடமொழிப் பெயர். வெண்மை என்று பொருள். மருதுடையார் கோயில் என்றாலும் இதுதான். கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் கொண்ட கோயில் இது. திருப்பூர் மாவட்டத்து மடத்துக்குளம் வட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மருது என்றால் முதலில் இந்தக் கரைதான். இரண்டாவதாக நினைவுக்கு வருவது கடலுக்கு அப்பால் இலங்கையின் வன்னியில் பார்த்த ஒரு குளக்கட்டு. அந்த இரண்டு கரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. ஒரே மரத்தை இரு நாட்டுக்காரரும் வெவ்வேறு விதமாக வளர்க்கிறோம். அவர்களிடம் இருக்கும் அறிவு நம்மிடம் குறைந்திருக்கிறது. நம்மிடம் இருக்கும் உழைப்பு அவர்களுக்கும் உதவும்.

இரண்டு மருது, இரண்டு மொழி

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் மருது என்ற பெயரில் பல மரங்கள் உண்டு. தண்ணீரோரம் வெள்ளைப் பட்டையோடு நிற்பது நீர்மருது. மலைக்காட்டில் முதலைத் தோல் போல வெடித்த கரிய பட்டையோடு நிற்பது கருமருது. இன்னொன்று பூமருது. இது வேறு குடும்பம். சித்திரையிலிருந்து ஆனிவரை கிளை நுனிகளில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஆறு இதழ்கள், ஒவ்வொன்றும் கசக்கிப் பிரித்த பட்டுத் துணி போலச் சுருக்கம் விழுந்தது. மகாராட்டிரம் இதைத் தன் மாநிலப் பூவாக வைத்திருக்கிறது. வயலுக்கும் வயல் சார்ந்த நிலத்துக்கும் நம் முன்னோர் வைத்த மருதம் என்ற பெயர், நீர்மருதின் பெயரா பூமருதின் பெயரா என்று தாவர அறிஞர்களும் தமிழறிஞர்களும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வையைக் கரையில் திருமருத முன்துறை என்று ஒரு நீராட்டுத் துறை இருந்ததைப் பரிபாடலும் சிலப்பதிகாரமும் சொல்கின்றன. துறைக்கே மரத்தின் பெயர். எந்த மருதாக இருந்தாலும், ஆற்றங்கரையும் மருதும் சேர்ந்தே நினைக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை.

இலங்கையில் சிங்களவர் நீர்மருதைக் கும்புக் என்கிறார்கள். பூமருதுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் முருத. நம் மருதுக்கும் அவர்கள் முருதவுக்கும் உள்ள ஒலி ஒற்றுமை கேட்டவுடனே புரியும். கிழக்குக் கரையில் கடலில் சேரும் ஓர் ஆற்றுக்குக் கும்புக்கன் ஓயா என்றே பெயர். தமிழ் ஊர்களையும் எண்ணிப் பாருங்கள்: மருதங்கேணி, மருதமுனை, மருதனார்மடம். மானிப்பாயில் மருதடி விநாயகர். நம் பக்கம் மருதமலை, மருதூர், திருவிடைமருதூர், திருப்புடைமருதூர். மருதனார்மடம் என்ற யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயரைப் பலகையில் பார்த்தபோது எனக்கு மடத்துக்குளம் நினைவு வந்தது. அங்கே மருதும் மடமும், இங்கே மடமும் குளமும். வழிப்போக்கர் தங்கும் மடத்துக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும் என்ற எண்ணம் இரண்டு ஊர்ப் பெயரிலும் இருப்பதாக எனக்குப் பட்டது.

வன்னியில் ஒரு குளக்கட்டு

வவுனியாவிலிருந்து வடக்கே கண்டி வீதியில் போகும்போது, நண்பர் ஒருவரோடு ஒரு சிறிய குளத்துக்குப் போனேன். நாம் மதகு என்பதை அங்கே துருசு என்கிறார்கள். நாம் கலிங்கு என்பது அங்கே வான். குளம் நிரம்பி வழிந்தால் வான் பாய்கிறது என்பார்கள். குளத்தின் மேல்பக்கம், தண்ணீர் ஏறி இறங்கும் விளிம்பு, அலைகரை. இந்த ஒரு சொல்லுக்காகவே அந்தப் பயணம் போனது தகும் என்று இன்றும் நினைக்கிறேன். நம் ஊரில் குளம் உண்டு, கரை உண்டு. ஆனால் அலை வந்து தொட்டுத் திரும்பும் அந்த விளிம்புக்கு நாங்கள் தனிப்பெயர் சொல்லிப் பழகவில்லை. பெயர் இல்லாத இடத்தை யாரும் காப்பதில்லை. எங்கள் குளங்களில் அந்த விளிம்பைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது.

அலைகரையில் மருதுகள் வரிசையாக நின்றன. அடிமரத்தில் தண்ணீர் ஏறியிருந்த மட்டத்துக்குக் கோடு தெரிந்தது. கூட வந்த கமக்காரர் (உழவர்) ஒருவரிடம், "இதெல்லாம் யார் வைத்தது ஐயா?" என்று கேட்டேன்.

"ஆரும் வைக்கேல்லைத் தம்பி. தண்ணி கொண்டுவந்தது. நாங்கள் வெட்டாமல் விட்டிருக்கிறம், அவ்வளவுதான்."

வெட்டாமல் விட்டது என்று அவர் எளிதாகச் சொன்னாலும், அதன் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இலங்கையின் வறண்ட வலயத்தில் குளங்கள் தனித்தனியாக இல்லை. மேல்குளத்தின் வான் தண்ணீரும் வயலின் கழிவுநீரும் கீழ்க்குளத்துக்குப் போகும். சங்கிலி போல ஒரு பள்ளத்தாக்கு முழுக்க இறங்கும். இந்தத் தொடர்குள ஊர் அமைப்பை உலக உணவு வேளாண் அமைப்பு 2017-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றது. அந்த அமைப்பில் ஒவ்வொரு குளத்துக்கும் மண்ணும் கல்லும் மட்டும் உறுப்பல்ல, மரமும் உறுப்பு. சிங்கள ஊர்களில் அந்த மரத்தொகுதிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

குளத்தின் மேல்விளிம்பில் நிற்கும் மரத்தொகுதி கஸ்கொம்மன. மருது, இலுப்பை போன்ற பெருமரங்கள் அங்கே நிற்கும். குளத்துக்கு மேலே வீசும் காற்றின் வேகத்தை அவை தணிக்கும். காற்று தணிந்தால் தண்ணீர் ஆவியாவது குறையும், அலை வந்து கட்டை அரிப்பதும் குறையும். வேர்களுக்கு இடையே மீன் குஞ்சு பொரிக்கும். அந்த மரங்களுக்கும் மேலே புல்வெளி ஒன்று இருக்கும். மழைநீரோடு வரும் வண்டலை அது வடிகட்டும். அதன் பெயர் பெரஹன.

கட்டுக்குக் கீழே, கட்டுக்கும் முதல் வயலுக்கும் நடுவே, இன்னொரு மரத்தொகுதி. அதன் பெயர் கட்டகடுவ. குளத்துத் தண்ணீர் கட்டின் அடி வழியாகக் கசியும்போது மண்ணின் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். அது நேராக வயலில் இறங்கினால் சில ஆண்டுகளில் நிலம் உவர் பிடிக்கும். மருதும் புங்கும் செடிகொடிகளும் அடர்ந்த அந்தத் துண்டு, உப்புத் தண்ணீரை இடையிலேயே உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே யாரும் வீடு கட்டுவதில்லை, பயிர் வைப்பதில்லை. கட்டின் தலையில் மட்டும் பெருமரம் நிற்க விடுவதில்லை. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி உள்ளே பொந்து விழும், அந்தப் பொந்து வழியே கட்டு உடையும். ஆக, மேலே மரம், கீழே மரம், நடுவில் கட்டு வெறுமையாக. மரம் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக்கூடாது என்ற இந்தக் கணக்கு பொறியியல் பாடம் தொடங்கும் முன்னரே ஊர்க்காரருக்குத் தெரிந்திருந்தது.

நீருக்கும் மருதுக்கும் அங்கே இன்னும் பல உறவுகள். கிணற்றின் அடியில் மருதுப் பலகையால் வளையம் அமைப்பது பழைய வழக்கம். தண்ணீர் தெளிந்து சுவையாக இருக்கும் என்பார்கள். பட்டையில் சுண்ணச் சத்து மிகுதி என்பதால், அதைச் சுட்ட சாம்பலைச் சுண்ணாம்புக்குப் பதிலாக வெற்றிலையோடு போடுவதும் உண்டு. கதிர்காமத்துக்குப் போனவர்களுக்கு மாணிக்க கங்கைக் கரை நினைவிருக்கும். அடியார்கள் முழுகி எழும் அந்த ஆற்றின் மேல் கூரை போட்டது போலக் கவிந்து நிற்பவை மருதுகள்தாம். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதே நிழலில் ஈரத்துணி பிழிகிறார்கள்.

2013-இல் தேர்தல் நடந்து அமைந்த வட மாகாண சபை, மாகாணத்துக்கென ஒரு மரத்தைத் தேர்ந்தபோது மருதைத் தேர்ந்தது. பனை மலிந்த நிலத்தில் அவர்கள் மருதைத் தேர்ந்தது முதலில் எனக்கு வியப்பாக இருந்தது. வன்னிக் குளங்களைப் பார்த்த பிறகு வியப்பு அடங்கியது. அதே சபைதான் கார்த்திகையை மரநடுகை மாதம் என்று அறிவித்தது. வடகிழக்குப் பருவமழை ஊன்றிப் பெய்யும் மாதம் அது. இந்த மாதக் கணக்கில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நம் பக்கம்: கோயிலும் மருந்தும்

இந்தியாவில் மருதுக்கு முதல் காவல் கோயில். ஆந்திரத்துச் சிரீசைலத்து மல்லிகார்ச்சுனத்தைத் தலைமருது என்றும், காவிரிக்கரைத் திருவிடைமருதூரை இடைமருது என்றும், தாமிரபரணிக் கரைத் திருப்புடைமருதூரைக் கடைமருது என்றும் ஒரே கோட்டில் வைத்துப் பேசுவது சைவ மரபு. மூன்று ஊருக்கும் தலமரம் மருது. திருப்புடைமருதூரில் ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் செய்தார்கள். ஆற்றங்கரை மருதுகளிலும் மற்றப் பெருமரங்களிலும் கூடு கட்டும் கொக்கு, நாரைகளை யாரும் விரட்டக்கூடாது என்று காத்துவந்தார்கள். 2005-இல் அந்த இடம் நாட்டின் முதல் சமூகப் பங்கேற்புப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மூன்று எக்டேருக்கும் குறைவான நிலம்தான். ஆனால் ஊர் விரும்பினால் மரமும் பறவையும் சேர்ந்து பிழைக்கும் என்பதற்குச் சான்று அது.

இரண்டாவது, மருந்து. மருதம்பட்டைக் குடிநீர் நெஞ்சுக்கு நல்லது என்பது சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் பழைய பாடம். ஆயுர்வேத அறிஞர் வாக்படர் தம் நூலில் இதயநோய்க்கு இந்தப் பட்டையைக் குறித்திருக்கிறார். இந்தப் புகழே மரத்துக்கு வினையாகவும் முடிகிறது. தானாக உரியும் மேல்பட்டையை எடுப்பதோடு நிற்காமல், கத்தி வைத்துச் சுற்றிலும் சீவி எடுத்துவிடுகிறார்கள். சுற்றுவட்டமாகப் பட்டை போன மரம் நின்றபடியே சாகும்.

மூன்றாவது நம் தொழிலோடு ஒட்டியது. பின்னலாடை ஊர்க்காரர்களுக்குப் பருத்தி தெரியும், பட்டு தெரியும். ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் டசர் என்ற காட்டுப்பட்டுக்குப் புழு வளர்ப்பது பெரும்பாலும் மருது மரத்தில். மல்பெரிப் பட்டுப்புழுவைப் போல வீட்டுக்குள் தட்டில் வளர்ப்பதில்லை. மரத்திலேயே விட்டு, பறவையும் எறும்பும் அண்டாமல் பகலிரவாகக் காவல் இருந்து, கூடுகளைக் கிளையிலிருந்து கொய்வார்கள். பட்டையிலிருந்து பழுப்புச் சாயமும் எடுப்பதுண்டு. ஒரு மரம் நூலும் தந்து நிறமும் தருகிறது என்பது திருப்பூர்க்காரனுக்குச் சாதாரணச் செய்தி அல்ல.

இவை மூன்றும் பழையவை. இந்தக் காலத்து இந்திய வழக்கம் ஒன்று இருக்கிறது: மரத்தைக் கைக்குழந்தை போல வளர்ப்பது. திருப்பூரில் 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொழில் நடத்துவோரும் ஊர் மக்களும் பொருள் போட்டு, நிலம் தர முன்வருவோரின் தோட்டங்களில் ஆண்டுக்கு ஆண்டு லட்சக்கணக்கில் கன்று நடுகிறார்கள். கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதில்லை. வேலி இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நிலத்தைத் தேர்கிறார்கள். மாநில அரசு 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், பசுமைப் பரப்பை நிலத்தில் மூன்றில் ஒரு பங்காக உயர்த்த வேண்டும் என்கிறது. நாற்றங்கால்களில் நீர்மருதும் பூமருதும் கேட்டால் கிடைக்கின்றன. இந்த ஏற்பாடு வன்னியில் நான் பார்க்காதது. அங்கே மரம் தானாக வரும், மனிதர் விட்டுவைப்பார்கள். இங்கே மனிதர் நட்டால்தான் மரம்.

நானே செய்த பிழை

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். வீடு கட்டிக் குடிபுகுந்த ஆண்டு, வாசலில் ஒரு பூமருதும், பின்பக்கம் ஒரு நீர்மருதும் வைத்தேன். சூன் மாதம், சுற்றுச்சூழல் நாள் கொண்டாடும் வாரம். எல்லாரும் நடுகிறார்களே என்று நானும் நட்டேன்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே இருக்கிறது. கேரளத்தில் மழை கொட்டும் ஆனி ஆடியில் எங்களுக்கு வருவது காற்று. உடுமலைப் பக்கம் ஏன் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன என்று பார்த்தாலே புரியும். அந்தக் காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இளங்கன்றை ஆட்டி ஆட்டிப் புதுவேரை அறுக்கும். என் நீர்மருது ஆடி முடிவதற்குள் தலை கருகியது. எங்கள் மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. மழைக் கணக்கில் மடத்துக்குளத்துக்கு வன்னியோடுதான் உறவு. கார்த்திகையை மரநடுகை மாதம் என்று அங்கே அறிவித்ததன் அறிவு எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. ஐப்பசி இரண்டாவது மழையில் நட்டிருந்தால், காற்று வருவதற்குள் எட்டு மாத வேர் பிடித்திருக்கும்.

வாசல் பூமருது பிழைத்தது, பூக்கவில்லை. காரணம் மரத்திடம் இல்லை, நான் வைத்த இடத்தில். மேலே மின்கம்பி. ஆண்டுதோறும் சித்திரைக்கு முன்னால் கம்பியில் படுகிறது என்று தலையை வெட்டினோம். பூமருது அந்த ஆண்டுப் புதுக்கிளையின் நுனியில்தான் பூக்கொத்து வைக்கும். நுனியை வெட்டினால் பூவை வெட்டியதுதான். ஏழாண்டு அந்த மரத்தை வைத்துக்கொண்டு ஒரு பூவும் காணவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அது அம்பதடி போற மரமாச்சே. அதப்போயி கம்பிக்கடில வெச்சயே" என்றார். அவர் அப்பாரு காலத்தில் வாய்க்கால் மேட்டில் வைத்த மருது இன்றும் நிற்கிறது. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை, வாய்க்கால் ஊற்றியது.

இரண்டையும் சேர்த்தால்

இப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். வன்னியில் பார்த்தது இடம் பற்றிய அறிவு. மரம் எங்கே நின்றால் குளத்துக்கும் வயலுக்கும் பயன் என்பதைத் தலைமுறையாகத் தெரிந்து, அந்த இடத்தில் வந்த கன்றை வெட்டாமல் விடுவது. திருப்பூரில் பார்த்தது பராமரிப்பு பற்றிய அறிவு. விதை எடுத்து, கன்று ஆக்கி, குழி வெட்டி, வேலி கட்டி, சொட்டுநீர் கொடுத்து, மூன்று ஆண்டு கண் வைத்திருப்பது. நம்மிடம் பராமரிப்பு உண்டு. ஆனால் கிடைத்த காலி இடத்தில் கிடைத்த கன்றை வைக்கிறோம். சாலையோரம் சிமெண்டு வளையத்துக்குள் நீர்மருதை வைத்துவிட்டு, லாரித் தண்ணீர் ஊற்றுகிறோம். நூறடி தள்ளி வாய்க்கால் கரை மொட்டையாகக் கிடக்கும்.

அவர்களிடம் இடம் பற்றிய அறிவு உண்டு. ஆனால் போரின் ஆண்டுகளில் கைவிடப்பட்டும், பின்னர் பொறி வைத்துத் தூர் வாரியும், மணலுக்காக ஆற்றங்கரையைத் தோண்டியும் மரம் போன இடங்களில், தானாக வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை போய்விடும். அங்கே கன்று வளர்த்து நடும் கை தேவை. மருதுக்காய் விதைக்கு எளிது. மாசியிலிருந்து பழுப்பாக முற்றி விழும் காயில் ஐந்து சிறகுகள், மரம் போன்ற ஓடு. ஒரு கிலோவுக்குச் சில நூறு காய்தான் நிற்கும். மூன்று நான்கு நாள் தண்ணீரில் ஊற வைத்து, மணல் கலந்த பாத்தியில் பாதி புதையும்படி வைத்தால் போதும். சில பத்து நாளில் முளைக்கும். சிலது இரண்டு மாதம் எடுக்கும், அவசரப்பட்டுக் கொட்டிவிடக்கூடாது. பூமருதின் விதை வேறு. மரக்கிண்ணம் போன்ற காய் ஆறாக வெடித்து, உள்ளிருந்து சிறகு வைத்த பொடி விதை பறக்கும். காய் வெடிக்கும் முன் பறித்துத் துணிப்பையில் உலர்த்த வேண்டும்.

நடுவதில் இரண்டு மரத்துக்கும் பொதுவான விதிகள் சில. மூன்றடிக்கு மூன்றடிக் குழி; ஆள் உயரக் கன்று; மரத்துக்கு மரம் முப்பது அடி. முதல் மூன்று கோடை தண்ணீர். கீழ்க்கிளைகளை முதல் ஆண்டிலேயே கழிக்கக் கூடாது. அடிமரம் பருக்க அந்த இலைகள்தாம் உணவு சமைக்கின்றன. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டோ டைல்ஸோ போடக்கூடாது. இரும்பு வலைக்கூண்டு போட்டால், மரம் பருத்ததும் மறக்காமல் கழற்ற வேண்டும். கூண்டு சதைக்குள் புதைந்த மரங்களை நம் சாலைகளில் தினமும் பார்க்கிறோம்.

இவை இரண்டு நாட்டுக்கும் பொது. மடத்துக்குளத்துக்கென்று தனியே ஒன்று உண்டு. எங்கள் வட்டத்தின் பாசனம் பழையது. கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று எட்டு ராஜவாய்க்கால்கள் அமராவதியிலிருந்து பிரிகின்றன. 1957-இல் அமராவதி அணை வருவதற்கு நெடுங்காலம் முன்னரே ஓடியவை அவை. மலையில் தென்மேற்கு மழை பெய்தால் அணை நிறைந்து, எங்களுக்கு மழையே இல்லாத மாதத்திலும் வாய்க்காலில் தண்ணீர் வரும். அந்தக் கரைகள்தாம் எங்கள் அலைகரை. நீர்மருதுக்கு அதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் இல்லை. கரையின் தலையில் வைக்காமல் புறச்சரிவில் வைத்தால் கரைக்கும் கேடில்லை, தூர்வார வரும் பொறிக்கும் தடையில்லை. வீட்டு வாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மில் வளாகத்துச் சாலைக்கும் பூமருது. காலை ஆறு மணிக்கு மில் பேருந்தில் ஏறும் பெண்கள் நிற்கும் நிறுத்தத்தில் ஒரு பூமருது இருந்தால், சித்திரை வெயிலில் நிழலும் கண்ணுக்கு ஓர் ஊதாக் கொத்தும் கிடைக்கும். கம்பி மட்டும் மேலே இருக்கக் கூடாது.

உப்பின் கதை

கட்டகடுவ பற்றிக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நொய்யல் நினைவாகவே இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் வடக்கில் ஓடும் ஆறு அது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அணைக்குக் கீழே தோட்டங்கள் உப்புப் பூத்துப் போனதை இந்த மாவட்டமே பார்த்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்ட பிறகே கழிவை முழுதும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை ஊன்றியது. மரம் நட்டால் சாயக்கழிவு சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆலை தன் கழிவைத் தானே சுத்தம் செய்ய வேண்டும். அந்தக் கடமையை மரத்தின் தலையில் கட்ட முடியாது.

ஆனால் பாழ்பட்ட நிலத்தை மீட்கும் வேலை இன்னும் மீதி இருக்கிறது. களரும் உவரும் ஏறிய மண்ணில் தாங்கி வளரும் மரங்களில் நீர்மருதும் ஒன்று என்பது வடஇந்தியக் களர்நில ஆராய்ச்சியில் தெளிந்த உண்மை. இலங்கை உழவர்கள் குளக்கட்டின் கீழே மருதை விட்டுவைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஆய்வுக்கூடமும் குளக்கட்டும் ஒரே விடையைச் சொல்கின்றன. உப்புப் பூத்த ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர், அதை மனையாக விற்பதற்கு முன்னால் பத்து மருதும் இருபது புங்கும் வைத்துப் பார்க்கலாம். தாத்தா கெடுத்ததைப் பேரன் காலத்திலாவது மண் திருப்பித் தரும்.

சென்ற பங்குனியில் கடத்தூர்க் கரையில் ஒரு துண்டு விரித்து மருதுக்காய் பொறுக்கினேன். ஆற்றில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மூழ்கவில்லை. ஐந்து சிறகோடு சுழன்று சுழன்று மிதந்து, வளைவு திரும்பும் இடத்தில் ஒரு வேர்ச் சந்தில் போய் ஒதுங்கியது. ஆரும் வைக்கேல்லை, தண்ணி கொண்டுவந்தது என்று வன்னிக் கமக்காரர் சொன்னதைக் கண்ணால் கண்டேன். மீதிக் காய்களை வாளியில் ஊறப்போட்டேன். இப்போது நாற்பத்திரண்டு கன்று பையில் நிற்கிறது. ஐப்பசி இரண்டாவது மழை முடிந்ததும் வாய்க்கால் புறச்சரிவில் வைப்பதாக இருக்கிறோம். தண்ணீர் கொண்டுபோகும் இடத்துக்கே நாங்களும் கொண்டுபோகிறோம். வேலியும் மூன்று கோடைக் காவலும் எங்கள் பங்கு.